மலேசியாவை எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் தனியாகச் சுற்ற நினைப்பவர்களுக்கு

மலேசியத் தீபகற்பத்தை முதுகுப்பையோடு தனியாகச் சுற்ற எது நல்ல வழி என்று கேட்டால், தயங்காமல் எக்ஸ்பிரஸ் பஸ் என்பேன். கோலாலம்பூர், மலாக்கா, ஈப்போ, கேமரன் மலை, பினாங்கு, கடைசியில் ஜொகூர் பாரு என்று நான் போன வழி முழுவதும் பஸ்தான். பல கம்பெனி வண்டிகளில் ஏறி இறங்கியதால் இதை ஒரு கம்பெனிக்கான மதிப்புரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நாட்டின் நெடுந்தூர பஸ் சேவை ஒரு தனிப் பயணிக்கு, அதிலும் ஒரு பெண்ணுக்கு, எப்படி இருக்கிறது என்பதுதான் விஷயம். இருக்கை அருமை, சாலை அருமை, கட்டணம் நியாயம். ஆனால் பஸ் உங்களை எங்கே இறக்கிவிடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த ஊர் உங்களுக்கு நல்லபடியாகவோ சலிப்பாகவோ தொடங்கும். டிக்கெட் விற்கும் தளங்களில் நேரமும் விலையும் பெரிதாகத் தெரியும். நிலையத்தின் பெயர் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான எக்ஸ்பிரஸ் பஸ்களில் ஒரு பக்கம் இரண்டு இருக்கை, மறுபக்கம் ஒற்றை இருக்கை. தனியாகப் போகிறவர்களுக்கு இந்த ஒற்றை வரிசை பெரிய வரம். பக்கத்தில் யார் வந்து உட்காருவார்களோ என்ற யோசனையே வேண்டாம். ஜன்னலும் நமக்கு, நடைபாதையும் நமக்கு. யாரையும் தாண்டாமல் எழுந்து போய் வரலாம். ஆன்லைனில் பதிவு செய்யும்போது இருக்கைப் படம் வரும். அதில் ஒற்றை வரிசைதான் முதலில் தீர்ந்துபோகும். அதனால் இரண்டு மூன்று நாள் முன்பே எடுத்துவிடுங்கள். இருக்கை அகலம், பின்னால் நன்றாகச் சாயும், கால் நீட்ட இடம் தாராளம். நெடுஞ்சாலையில் பஸ்களுக்கு மணிக்கு 90 கிலோமீட்டர்தான் உச்சவரம்பு என்பதால் வண்டி சீராகப் போகிறது. 2025 ஜூலை 1 முதல் எக்ஸ்பிரஸ் பஸ்களில் பயணிகள் சீட் பெல்ட் போட வேண்டும் என்ற விதியையும் கண்டிப்பாக அமல்படுத்தத் தொடங்கியிருக்கிறார்கள். ஏறியதும் பெல்ட் வேலை செய்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் டிரைவரிடம் சொல்லி வேறு இருக்கை கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஏசி மட்டும் எல்லா வண்டியிலும் ஒரே மாதிரிதான்: கடுங்குளிர். வெளியே 33 டிகிரி கொளுத்தும். உள்ளே விரல் விறைக்கும். தலைக்கு மேலே உள்ள காற்றுத் துளையை மூடினாலும் பக்கத்து வரிசையிலிருந்து வரும். முழுக்கைச் சட்டை, காலுறை, ஒரு தடித்த துப்பட்டா இந்த மூன்றும் பெரிய பையோடு கீழே லக்கேஜ் அறைக்குப் போய்விடாமல் கையில் இருக்க வேண்டும். பெரிய பைகளை டிரைவரே திறந்து கீழே வைக்கச் சொல்வார். நான் போன வண்டிகளில் அதற்கு டோக்கன் எதுவும் தரவில்லை. அதனால் பாஸ்போர்ட், பணம், மருந்து, சார்ஜர் எல்லாம் மடியில் வைத்துக்கொள்ளும் சிறு பையில் இருப்பதுதான் நல்லது. நான் ஏறிய எதிலும் கழிவறையும் கிடையாது.

கோலாலம்பூரில் எல்லாம் தொடங்குவது டிபிஎஸ் என்று எல்லோரும் அழைக்கும் பண்டார் தாசேக் செலாத்தான் பஸ் நிலையத்தில். 2011-ல் திறந்தது. விமான நிலையம் மாதிரியே நடத்துகிறார்கள். டிக்கெட் எடுக்கப் பாஸ்போர்ட் கேட்கிறார்கள், போர்டிங் பாஸ் அச்சடித்துத் தருகிறார்கள், ஸ்கேன் செய்துதான் உள்ளே விடுகிறார்கள், வாயில் எண் பலகையில் வருகிறது. எல்லாக் கம்பெனிகளின் டிக்கெட்டும் ஒரே கவுன்டர் வரிசையில் கிடைப்பதால் கையைப் பிடித்து இழுக்கும் தரகர் தொல்லை இல்லை. ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் பல கம்பெனிகளுக்கு அந்தச் சீட்டைக் கவுன்டரிலோ இயந்திரத்திலோ காட்டி போர்டிங் பாஸ் வாங்க வேண்டியிருக்கும். அரை மணி நேரம், வெள்ளிக்கிழமை மாலை என்றால் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள்.

இந்த நிலையத்தின் உண்மையான பலம் அதன் பக்கத்தில் இருக்கும் ரயில்கள். விமான நிலையத்திலிருந்து வரும் கேஎல்ஐஏ டிரான்சிட் இங்கே நிற்கிறது. கவனியுங்கள், நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் ரயில் இல்லை, டிரான்சிட். ஸ்ரீ பெட்டாலிங் எல்ஆர்டி தடமும் கேடிஎம் கொமுட்டர் ரயிலும் இங்கேயே. அதாவது விமானத்தில் இறங்கி, நகருக்குள் போகாமலே நேராக மலாக்காவுக்கு பஸ் ஏறிவிடலாம். நான் அப்படித்தான் செய்தேன். அப்புறம் திரும்பி வந்து கோலாலம்பூரைப் பார்த்தேன். பத்துமலைக்குப் போகும் கொமுட்டர் ரயிலும் இதே நிலையம் வழியாகத்தான் போகிறது. 272 படியையும் 42.7 மீட்டர் உயர முருகனையும் பார்க்கப் போகிறவர்கள் வாடகைக் காருக்குச் செலவழிக்க வேண்டாம். காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் வெயிலும் கூட்டமும் குறைவு. குரங்குகள் எப்போதும் உண்டு. கையில் உணவுப் பொட்டலம் தெரியக் கூடாது.

மலாக்காவுக்கு இரண்டு மணி நேரம். கட்டணம் 15 ரிங்கிட்டை ஒட்டி. நாள் முழுக்க அடிக்கடி வண்டி உண்டு. இறங்கும் மலாக்கா சென்ட்ரல் பழைய நகரத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் அங்கிருந்து சிவப்புக் கட்டடங்கள் நிற்கும் டச்சுச் சதுக்கத்துக்கு டவுன் பஸ் உண்டு. சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். மதிய வெயிலில் பஸ் வரத் தாமதமானால் செல்போன் செயலியில் அழைக்கும் கிராப் வாடகைக் கார் எடுத்தாலும் பெரிய செலவு இல்லை.

மலாக்காவில் எல்லோரும் வார இறுதியில் ஜோங்கர் தெருவின் இரவுச் சந்தைக்கு வருவார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்குப் பக்கத்துத் தெரு. பொற்கொல்லர் வீதியில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் இருக்கிறது. 1781-ல், டச்சு ஆட்சி கொடுத்த நிலத்தில், மலாக்காச் செட்டிகள் கட்டியது. மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் இந்துக் கோயில்களில் மிகப் பழையது. நாலு எட்டு வைத்தால் கம்போங் கிளிங் பள்ளிவாசல், இன்னும் கொஞ்சம் நடந்தால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூன்றும் ஒரே தெருவில் வரிசையாக வருகின்றன. செட்டிகள் பல நூறு ஆண்டுகளுக்கு முன் வணிகம் செய்ய வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து, அங்கேயே தங்கிவிட்டவர்கள். அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். கும்பிடுவது பிள்ளையாரையும் மாரியம்மனையும். கோயிலில் என்னிடம் திருநீறு நீட்டிய பெரியவருக்குத் தமிழ் சில சொற்கள்தான் தெரிந்தன. ஆனால் பொங்கலைப் பற்றிக் கேட்டதும் முன்னோர்களுக்குப் படைப்பதைக் கையாலேயே வரைந்து காட்டினார். காஜா பெராங் பகுதியில் அவர்கள் கிராமம் இருக்கிறது, நேரம் இருந்தால் போய்ப் பாருங்கள் என்றார். போனேன். ஜோங்கர் தெருக் கூட்டத்தில் இருந்திருந்தால் அந்த மாலை எனக்குக் கிடைத்திருக்காது.

இந்தச் சேவையில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்த ஒரே இடம் மலாக்காவிலிருந்து திரும்பி வரும்போதுதான். மதிய வண்டிக்கு டிக்கெட் வாங்கியிருந்தேன். புறப்படும் நேரம் கடந்தும் பஸ் வரவில்லை. அறிவிப்பும் இல்லை. அந்தக் கம்பெனிக்காரரிடம் போய்க் கேட்ட பிறகுதான் ஆள் குறைவு என்பதால் அடுத்த வண்டியோடு சேர்த்துவிட்டோம் என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் வெறுமனே காத்திருக்க வேண்டியதாயிற்று. புதிய வண்டியில் நான் தேர்ந்தெடுத்த ஒற்றை இருக்கையும் இல்லை. பணத்தில் ஒரு பகுதியாவது திரும்பக் கிடைக்குமா என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. கம்பெனியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. பல கம்பெனிகள் இப்படிச் செய்வதாக ஹாஸ்டலில் மற்ற பயணிகளும் சொன்னார்கள். ஆள் குறைந்த நடுப்பகல் வண்டிகளில்தான் இது நடக்கிறது. காலை முதல் வண்டியும் மாலை வண்டியும் பெரும்பாலும் நிறைந்துவிடுவதால் நேரத்துக்குக் கிளம்புகின்றன. அன்றைக்கே விமானமோ வேறு பஸ்ஸோ பிடிக்க வேண்டும் என்றால் நடுப்பகல் வண்டியை நம்ப வேண்டாம்.

அடுத்தது ஈப்போ. இங்கேதான் இறங்கும் இடத்தின் கதை முழுதாகப் புரிந்தது. கோலாலம்பூரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குள் போய்விடும். 1994-ல் முழுவதுமாகத் திறந்த வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை, தாய்லாந்து எல்லையிலிருந்து ஜொகூர் வரை 772 கிலோமீட்டர் நீளம். ஒரு குலுக்கல் இல்லை. கோப்பெங் தாண்டியதும் இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக எழும்பும். அந்தக் காட்சிக்காகவே வலது பக்க ஜன்னலைப் பிடிக்கலாம். ஆனால் பெரும்பாலான பஸ்கள் போய் நிற்பது ஊருக்கு வடக்கே, நகர மையத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் தள்ளியிருக்கும் அமான் ஜாயா நிலையத்தில். நான் போன வண்டியின் டிரைவர் தமிழர். ஏறும்போதே என் பையைப் பார்த்துவிட்டு, "தனியாவா வந்தீங்க தங்கச்சி?" என்றார். ஆமாண்ணே என்றேன். "அமான் ஜாயாவுல இறங்கி டவுன் பஸ்ஸுக்கு நிக்காதீங்க. வரும், ஆனா எப்ப வரும்னு சொல்ல முடியாது. கிராப் போட்டுக்குங்க, பதினைஞ்சு இருபது வெள்ளிக்குள்ள ஆயிடும்" என்று சொன்னார். வெள்ளி என்றால் ரிங்கிட். இறங்கிய பிறகு என் கார் வரும்வரை தன் வண்டியைத் துடைத்துக்கொண்டே அங்கே நின்றிருந்தார். நன்றி சொல்லப் போனபோது, "பார்த்துப் போங்கம்மா, கல்லுமலைக் கோயிலுக்கு மறக்காம போங்க" என்றார்.

பஸ் கட்டணத்தில் பெரும்பகுதி அளவுக்கு மறுபடியும் அந்தக் கடைசிப் பத்துக் கிலோமீட்டருக்குக் கொடுக்க வேண்டியிருப்பதால், கோலாலம்பூர்-ஈப்போ தடத்துக்கு மட்டும் என் பரிந்துரை பஸ் இல்லை, இடிஎஸ் ரயில். கேஎல் சென்ட்ரலில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ ரயில் நிலையம். அது ஊரின் நடுவில் இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஹப்பாக் வடிவமைத்த வெள்ளைக் குவிமாடக் கட்டடத்திலிருந்து வெளியே வந்தால் பழைய நகரத்தின் காப்பிக் கடைகளுக்கு நடந்தே போய்விடலாம். டிக்கெட் பஸ்ஸைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் கிராப் செலவையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் பெரிதில்லை.

கல்லுமலைக்குப் போனேன். குனோங் சேரோ குன்றடியில் குகையை ஒட்டிய சுப்பிரமணியர் கோயில். பத்துமலையின் கூட்டம் இல்லை, படிகளும் இல்லை. ஈப்போக்காரர்கள் தைப்பூசத்துக்கு வருவது இங்கேதான்.

ஈப்போவில் நான் அதிக நேரம் செலவழித்தது ஊருக்கு வெளியே, பத்து காஜாவில் இருக்கும் கெல்லி மாளிகையில். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கியது. செங்கல்லும் ஓடும் இந்தியாவிலிருந்து வந்தன. வேலை செய்தவர்களும் சென்னைப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள். ஸ்பானிஷ் காய்ச்சலில் தொழிலாளர்கள் பலர் இறந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று கேட்க, ஸ்மித் கட்டிக் கொடுத்தார். 1926-ல் அவர் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்துபோனதும் மாளிகை பாதியிலேயே நின்றுவிட்டது. சுற்றுலாப் பயணிகள் அந்த வெற்று அறைகளில் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சத் தூரத்தில் இருக்கும் அந்த மாரியம்மன் கோயிலுக்கு யாரும் போவதில்லை. அதன் கூரையில் சாமி சிலைகளோடு வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு மனிதரின் உருவமும் நிற்கிறது. ஸ்மித் என்று சொல்கிறார்கள். மாளிகையை முடிக்க அந்தப் பணக்காரரால் ஆகவில்லை. தொழிலாளர்கள் கேட்ட கோயிலில் இன்றைக்கும் பூசை நடக்கிறது. என்னைப் பொறுத்தவரை பார்க்க வேண்டியது கோயில்தான், மாளிகை அப்புறம். அந்தப் பக்கம் பஸ் நம்பகமில்லை. கிராப்பில் போனால் திரும்பி வர வண்டி கிடைப்பது கடினம். போன டிரைவரிடமே காத்திருக்கப் பேசிக்கொள்ளுங்கள்.

ஈப்போவிலிருந்து கேமரன் மலை போகும் பஸ், நான் போன பயணங்களிலேயே கடைசி மைல் தொல்லை இல்லாத ஒன்று. அங்கே தானா ராத்தா ஊரில் பஸ் நிலையம் கடைவீதியிலேயே இருக்கிறது. இறங்கி, பையைத் தோளில் மாட்டி, சில நிமிடம் நடந்தால் விடுதி. மழைத்தூறலில் நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன், மனம் குளிர்ந்துபோனது. ஏறும் சாலை சிம்பாங் பூலாய் வழி என்றால் அகலமானது. தாப்பா வழியாக ஏறும் பழைய சாலை வளைந்து வளைந்து போகும். வயிறு புரட்டுகிறவர்கள் எந்த வழி என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவால் வழி மறிக்கப்படுவதும் உண்டு. அந்தப் பருவத்தில் போனால் ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைத்திருப்பது நல்லது.

மேலே போனபின் பஸ் உதவாது. 1929-ல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்துக்கும் 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் பிரிஞ்சாங் மலையின் பாசிக் காட்டுக்கும் அரை நாள் வேன் பயணம் எல்லா விடுதிகளிலும் ஏற்பாடு செய்கிறார்கள். தனியாளுக்கு அதுதான் மலிவு. தேயிலைக் காட்டைப் பார்த்தபோது அதை நட்டு வளர்த்த தமிழ்க் குடும்பங்களின் நினைவுதான் முதலில் வந்தது. தானா ராத்தாவின் முக்கியத் தெருவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கடையில் ரசத்தை இரண்டாம் முறை ஊற்றிய அக்காவிடம் எந்த ஊர் என்று கேட்டேன். "இங்கதான்மா. தாத்தா தோட்டத்துல வேலைக்கு வந்தவரு" என்றார். அந்தக் குளிரில் அந்த ரசத்துக்கு ஈடில்லை.

இனி பினாங்கு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிலையத்தின் பெயர் இங்கேதான் அதிகம் முக்கியம். பினாங்கு என்று டிக்கெட் தேடினால் இரண்டு இடங்கள் வரும். ஒன்று தீவிலேயே இருக்கும் சுங்கை நிபோங். இன்னொன்று கடலுக்கு இந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில் இருக்கும் பினாங்கு சென்ட்ரல். தீவுக்குத்தானே போகிறோம், தீவில் இறங்குவதுதான் வசதி என்று தோன்றும். ஆனால் சுங்கை நிபோங், தீவின் பழைய நகரமான ஜோர்ஜ் டவுனுக்குத் தெற்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது. பாலம் தாண்டி, மாலை நெரிசலில் ஊர்ந்து, இறங்கிய பிறகும் இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். பட்டர்வொர்த்தில் இறங்கினால் பஸ் நிலையமும் ரயில் நிலையமும் படகுத் துறையும் ஒன்றோடு ஒன்று ஒட்டி இருக்கின்றன. கூரை போட்ட நடைபாதையில் பையை இழுத்துக்கொண்டு போய், சிறு கட்டணம் கொடுத்துப் படகில் ஏறினால் கால் மணி நேரத்தில் நீங்கள் ஜோர்ஜ் டவுனின் வாசலில் நிற்பீர்கள். படகில் காற்று முகத்தில் அடிக்க, எதிரே பழைய நகரத்தின் கூரைகளும் பின்னால் பினாங்கு மலையும் மெதுவாகக் கிட்ட வரும். தானா ராத்தாவிலிருந்து நாலைந்து மணி நேரம் ஏசி குளிரில் சுருண்டு வந்தவளுக்கு அந்தக் கடற்காற்று எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்லி முடியாது. யாராவது சுங்கை நிபோங்குக்கு டிக்கெட் எடுக்கப் போகிறார்கள் என்றால் நானே போய்த் தடுப்பேன்.

துறைமுகத்தில் இறங்கியதும் பக்கத்திலேயே ரேபிட் பினாங்கு பஸ்கள். பழைய நகரத்தைச் சுற்றி ஓடும் கேட் பஸ் இலவசம். மற்ற பஸ்களில் மீதிச் சில்லறை தர மாட்டார்கள், சரியாகக் கொடுக்க வேண்டும். முதுகுப்பைக்காரர்களின் விடுதிகள் பெரும்பாலும் சூலியா தெருவிலும் லவ் லேனிலும். படகுத் துறையிலிருந்து நடந்தே போகலாம். பெண்களுக்கு மட்டுமான அறை உள்ள ஹாஸ்டல்கள் பல உண்டு. லவ் லேனில் இரவு வெகுநேரம் பாட்டும் கூச்சலும் இருக்கும். தூக்கம் வேண்டுமென்றால் இரண்டு தெரு தள்ளி எடுங்கள்.

சூலியா தெருவே தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைத் தாங்கியது. நடந்து போனால் நாகூர் தர்கா என்று எழுதிய சின்ன வெள்ளைக் கட்டடம் வரும். அதைத் தாண்டினால் 1801-ல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், இன்னும் சற்று நடந்தால் குவீன் தெருவில் 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். யுனெஸ்கோ 2008-ல் மலாக்காவையும் ஜோர்ஜ் டவுனையும் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுவரோவியங்களைத் தேடி ஓடும் கூட்டம் இந்த மூன்று கட்டடங்களின் முன்னால் ஒரு நிமிடம் நின்றால் நன்றாயிருக்கும். ஆர்மீனியன் தெருவின் சைக்கிள் ஓவியத்துக்கு முன்னால் படம் எடுக்க நீண்ட வரிசை. மாரியம்மன் கோயிலில் அந்த நேரம் நானும் ஒரு பாட்டியும் மட்டும்.

சாப்பாட்டுக்கு நாசி கண்டார். தோளில் காவடிபோலத் தடியைத் தூக்கி, இரண்டு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களிடமிருந்து வந்தது. இப்போது கடைகளில் வரிசையில் நின்று வாங்குகிறோம். "குழம்பு கலந்து ஊத்தவா?" என்று கேட்டால் சரி என்று சொல்லுங்கள், பல குழம்பு ஒன்றாகச் சேர்ந்த அந்தச் சுவைதான் நாசி கண்டார். மீன்தலை, இறால் எல்லாம் எடைக்கும் அளவுக்கும் விலை மாறும். தட்டில் வைப்பதற்கு முன்னால் விலை கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் அருவிமலைப் பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளை ஏறிவிட்டு வந்து மதியம் இதைச் சாப்பிட்டால் சரியாக இருக்கும்.

பினாங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கு இரவு பஸ். ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாது. விடுதிச் செலவு ஓர் இரவுக்கு மிச்சம், அதனால்தான் எடுத்தேன். தூக்கம் வந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் சாய்ந்து கண் மூட முடிந்தது. நடுவில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்துவார்கள். எல்லோரும் ஆர் அண்ட் ஆர் என்கிறார்கள். மலேசியாவில் எனக்கு மிகவும் பிடித்த பொது இடங்களில் இதுவும் ஒன்று. நள்ளிரவிலும் விளக்கெரியும் சாப்பாட்டுக் கடைகள், இலையில் மடித்த நாசி லெமாக், வெட்டிப் பையில் போட்ட கொய்யா, சுத்தமான கழிவறை, தொழுகை அறை. குழந்தைகளோடு குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும். தனியாக நின்றாலும் பயமே தோன்றவில்லை. டிரைவர் கால் மணி நேரம் என்றால் கால் மணி நேரம்தான், ஆளை எண்ணிப் பார்ப்பார் என்று நம்பக் கூடாது. ஒரே நிறத்தில் பத்து வண்டி வரிசையாக நிற்கும் இடம் அது. இறங்கும்போதே நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவு பஸ் எடுக்கும் பெண்களுக்கு ஒரே ஒரு கணக்கு முக்கியம். மலேசியாவில் விடிவது ஏழு மணிக்கு. காலை ஐந்து மணிக்கு இறங்குகிறது என்று டிக்கெட்டில் போட்டிருந்தால் அது நல்ல இருட்டு. வண்டிகள் இரவில் சொன்ன நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்வதும் உண்டு. அதனால் முடிந்தவரை கடைசி வண்டியை, இரவு பத்தை ஒட்டிக் கிளம்புவதை எடுங்கள். நான் ஜொகூர் பாருவின் லார்க்கின் நிலையத்தில் இறங்கியபோது சாப்பாட்டுக் கடைகள் திறந்து, வேலைக்குப் போகிறவர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்டு, வெளிச்சம் வரும்வரை அங்கேயே இருந்தேன்.

பெருநாள் சமயங்களில் இந்தச் சேவை வேறு முகம் காட்டும். ஹரி ராயா, சீனப் புத்தாண்டு, தீபாவளி, நீண்ட வார இறுதி எதுவானாலும் ஊருக்குப் போகும் கூட்டத்தில் டிக்கெட் வாரக் கணக்கில் முன்பே தீர்ந்துவிடும், மூன்று மணி நேரப் பாதை ஆறு மணி நேரம் ஆகும். மலேசிய விடுமுறை நாட்காட்டியைப் பார்க்காமல் பயணத்தைத் திட்டமிட வேண்டாம். வருவதற்கு முன் இணையத்தில் வருகை அட்டையை நிரப்புவதும் கட்டாயம், வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் செய்ய வேண்டும்.

லார்க்கினிலிருந்து சிங்கப்பூருக்குப் பல பஸ்கள். 1924-ல் திறந்த, ஒரு கிலோமீட்டரை ஒட்டிய நீளமுள்ள தரைப்பாலத்தைத் தாண்டும் அந்தக் குறுகிய பயணத்தில் இரண்டு முறை இறங்கி ஏற வேண்டும்: மலேசியக் குடிநுழைவில் ஒரு முறை, சிங்கப்பூர்ப் பக்கம் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் பை முழுவதையும் கூடவே எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும், பஸ் காத்திருக்காது. அதே சேவையின் அடுத்த வண்டியில் ஏறலாம், ஆகவே டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இதே வழியில் போவார்கள். லார்க்கினில் நிதானமாகச் சாப்பிட்டு, பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள். வரிசை பாதியாகக் குறைந்திருக்கும்.